ஒரே தொட்டியில் இரண்டு பாம்புகள்

மற்ற வீட்டுப் பிள்ளைகள் நாய் கேட்கும், பூனை கேட்கும். என் மகள் மலைப்பாம்பு கேட்டாள். ஆளை விழுங்கும் ஜாதி இல்லை, ஆப்பிரிக்கக் குட்டை ரகம் என்று அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். முதலில் ஒன்று வந்தது. அது என் மணிக்கட்டுத் தடிமனுக்கு வளர்ந்த பிறகு, விரல் தடிமனில் இன்னொன்று. மாடியில் அவள் அறையில் ஆளுக்கொரு கண்ணாடித் தொட்டி, ஆளுக்கொரு சூடு விளக்கு. அந்த அறைப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பிறகு அவள் ஆஸ்டினுக்குப் படிக்கப் போனாள். காலேஜ் டார்மில் பாம்புக்கு இடமில்லை. தீனி, தண்ணீர், சூடு எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான், டெக்சாஸில் நாங்கள் இருக்கும் காப்பெல்லை விட்டுக் கிளம்பினாள். இரண்டையும் சேர்த்து வைக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து தனி அறையில் படுத்தவளுக்கு, அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

அடுத்த மாதமே அவருக்கு வேலை போனது. நான் ஆபீஸ் போய்த் திரும்பும்வரை அந்தப் பெரிய வீட்டில் அவரும் லேப்டாப்பும் பாம்புகளும்தான். முட்டைகூடத் தொடாத மனிதர், கராஜ் ஃப்ரீஸரில் என் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்திலிருந்து, தீனிக்கு வாங்கிவைத்த உறைந்த எலியை இடுக்கியால் எடுத்து, வெந்நீரில் போட்டுக் காத்திருப்பார். எலியை அங்கே வைக்காதீர்கள் என்று சொல்ல வருவேன். ஆனால் காலையில் அவர் எழுந்து குளிக்க ஒரு காரணம் இருந்ததே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் வந்து பார்த்தால், சின்னதையும் பெரியதன் தொட்டியிலேயே விட்டிருந்தார். கோபியில் ஒரே அறையில் அண்ணன் தம்பி ஐந்து பேரோடு படுத்து வளர்ந்தவர் அவர். ஒரு ஜீவன் நாலு பக்கமும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"தனியாக் கெடந்தா ஏங்கிப் போயிரும். ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

விளக்கடியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். ஈரோட்டிலிருந்து இதயம், சென்னையிலிருந்து இதயம். அண்ணன் தம்பி பாசம் என்று உருகினாள் என் நாத்தனார். நேரில் பார்த்தால் கட்டிலில் ஏறி நின்று கூச்சல் போடுகிற கூட்டம் அது. பாம்பைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என் மகள். அவள் அந்தக் குரூப்பை மியூட் செய்து வைத்திருந்தாள்.

சின்னது தீனியை நிறுத்தியது. குளிர் தொடங்கினால் பாம்புகள் அப்படித்தான் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தவள் பையை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனாள். சின்னதை இரண்டு கையிலும் ஏந்தி இறங்கி வந்தாள். முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பாம்பு மூச்சு வாங்கினால் வெளியே கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். டாக்டர் பார்த்துவிட்டு, நுரையீரல் கெட்டுவிட்டது, முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். மறுநாள் மதியம் செத்துப்போனது.

பேக்யார்டின் இறுகிய களிமண்ணில் அவர் குழி தோண்டினார். விரல் தடிமன் பாம்புக்கு அவ்வளவு ஆழம் தேவையே இல்லை.

எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், அன்று குரூப்பில் வந்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டு அப்பாவிடம் தமிழில் பேசினாள்.

"அது பாசம் இல்லப்பா. பெருசு சூடான எடத்தப் புடிச்சுக்கிச்சு. சின்னதுக்கு வேற எங்கயும் போக முடியல. பயந்துகிட்டே இருந்திருக்கு."

அவர் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தார், திரும்ப எடுத்தார். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் அவ்வளவு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, பெரியதை ஆஸ்டினில் ஒரு தோழி வீட்டில் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். அப்பாவிடம் விட்டுப்போகப் பயமாக இருக்கிறது என்று என் காதில் கிசுகிசுத்தாள். பின்னால் அவர் நிற்பதை அவள் பார்க்கவில்லை. பாம்பு இருந்த பிளாஸ்டிக் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டார். பிறகு அவள் ஜன்னலருகே குனிந்தார்.

"கண்ணு, அவங்ககிட்டச் சொல்லீரு. அதத் தனியாவே வெக்கச் சொல்லு."

கார் தெருமுனை திரும்பியதும் மாடிக்குப் போய் இரண்டு விளக்குகளையும் அணைத்தார். திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அந்த வீட்டில் அவரை ஒற்றையாக விட்டுப்போக எனக்குத் தைரியம் வரவில்லை.