அப்பா பாடிய நலங்கு

அப்பாவின் காக்கிச் சட்டையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் முதலில் டீசல் வாசனை வரும். கொஞ்சம் பொறுத்தால் சில்லறைக் காசின் வாசனை. இன்னும் பொறுத்தால், நடவுக்குப் போகிற பெண்கள் மடியில் முடிந்து வந்த வெற்றிலையும் தூக்குவாளியில் தளும்பிய பழைய சோற்று நீரும் சேர்ந்த ஓர் ஈர வாசனை. துவைப்பதற்கு முன் அந்தச் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கம். அன்றைக்கு பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண்கள் ஏறினார்கள், என்ன பாட்டு வந்திருக்கும் என்று அந்த வாசனையை வைத்தே தன் மகள் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவாள் என்று அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அது பொய். ஆனால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு என்பதால் நான் மறுத்ததில்லை.

விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் போய்வருகிற ஒரு தனியார் பஸ்ஸில் அப்பா கண்டக்டர். விடியற்காலையில் கிளம்பும் முதல் ட்ரிப்பில் ஆபீஸ்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள்தான். அந்த ட்ரிப்பில் மட்டும் டிரைவர் டேப்ரிக்கார்டரைத் தட்டக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். சினிமாப் பாட்டு ஓடாவிட்டால், பின்சீட்டில் யாராவது ஒருத்தி மெல்ல முனகுவாள். பக்கத்தில் இருப்பவள் அடுத்த அடியை எடுப்பாள். பிறகு பஸ்ஸே வயலாகிவிடும். டிரைவர் அண்ணனுக்கு இது பிடிக்காது.

"ஏன் கண்டக்டரே, பொம்பளப் பாட்டக் கேட்டுக்கிட்டு டிக்கெட்டு கிழிச்சா கை கூசல?" என்று கேட்பாராம்.

"பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான்ணே கறக்கணும். நீங்க ரோட்டப் பாருங்க," என்பாராம் அப்பா.

கேட்ட பாட்டை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். நானும் சும்மா இருக்கமாட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து உடைக்கிற பெண்களிடம் கும்மி, தெம்மாங்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு விடுகதைப் பாட்டாவது வாங்கிவந்துவிடுவேன். சாயங்காலம் அப்பா அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்திரிக்காய் அரிவார். நான் அடுப்பை ஊதுவேன். "என்ன புள்ள, இன்னைக்கு என்ன கெடச்சுது?" என்று தொடங்கும் எங்கள் பண்டமாற்று. அவர் ஒரு பாட்டின் தலையைக் கொண்டுவந்திருப்பார், வாலை நான் வைத்திருப்பேன். சில நாள் பாதிப் பாட்டிலேயே பாடியவள் இறங்கிவிட்டிருப்பாள். "மீதிய நாளைக்கு ஏறும்போது வாங்கித் தரேன்," என்பார், சில்லறை இல்லாத கண்டக்டர் சொல்கிற அதே குரலில்.

அவர் கொண்டுவந்ததில் எனக்குப் பிடித்தது இது:

நாத்து முடி எடுத்து நான் வாரேன் வரப்பு மேல
சேத்துல கால் வழுக்க செவத்தபுள்ள சிரிக்குதடி
சிரிச்ச புள்ள வாயடைக்க சின்னமழ பெய்யுதடி

இதில் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் சேற்றில் வழுக்கி விழுந்ததில்லை என்று அர்த்தம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். அவள் நான் ஒன்றாம் வகுப்பு போவதற்குள் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். அம்மாவின் முகத்தைவிட, அவள் போனபின் வந்தவர்கள் சொன்ன ஒரு பழமொழிதான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. "தாய் செத்தா தகப்பன் சித்தப்பன்." ஜனங்களின் சொலவடை என்றால் எனக்கு உயிர். எங்கே கேட்டாலும் காதில் போட்டு வைத்துக்கொள்வேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை நான் ஏற்றுக்கொண்டதில்லை. பழமொழி என்பதற்காக அது சரியாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. யாரோ ஒரு காலத்தில் யாரோ ஒரு சோம்பேறித் தகப்பனைப் பார்த்துச் சொல்லிவைத்தது.

அரியலூர் புதிதாக மாவட்டமான சமயத்தில் நான் பெரிய மனுஷி ஆனேன். சேதி கேட்டு முதல் ஆளாய் வந்து இறங்கியவள் குரும்பலூர் அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வெங்காயக் காட்டில் ஆள்களை வைத்து வேலை வாங்குகிறவள். அவள் குரல் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவள் நுழைவாள். பாட்டிலும் பெரிய கெட்டிக்காரி. எங்கள் சொந்தத்தில் எந்த நல்லது என்றாலும் முதல் பாட்டை அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

"ஏண்டா தம்பி, நீ விடியிறதுக்கு முன்ன போனா பொழுது சாஞ்சு வர. வயசுக்கு வந்த புள்ளைய ஆம்பள ஒண்டியா எப்புடிடா வளப்ப? சடங்கு முடிஞ்ச கையோட நான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு எம் மவனுக்கே கட்டிக்கிட்டாலும் ஆச்சு."

"அவ படிக்கிறாக்கா."

"படிச்சு என்ன, கலெக்டராவா ஆவப் போறா?"

"ஆவட்டுமே. இப்பத்தான் அரியலூருக்கே கலெக்டர் ஆபீஸ் வந்திருக்கு. பக்கந்தான், நானே பஸ்ல ஏத்தி வுட்டுடுறேன்."

அத்தை சிரிக்கவில்லை. உள்ளே எட்டிப்பார்த்து, நான் கேட்கட்டும் என்றே சொன்னாள். "தாய் செத்தா தகப்பன் சித்தப்பன்னு சும்மாவா சொன்னாங்க."

நான் எங்கள் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். அவர், "யாரு போவச் சொன்னா," என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். ஆனால் களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தார். அத்தையை எதிர்த்துப் பேசி யாரும் ஜெயித்ததாக எங்கள் சொந்தத்தில் கதை இல்லை.

சடங்கு அன்று பந்தல் போட்டிருந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து வைத்துவிட்டார். என்னைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டி மணையில் உட்காரவைத்தார்கள். சந்தனக் கிண்ணம், குங்குமம், அரைத்த மஞ்சள், தட்டு நிறையப் பூ, எல்லாம் எதிரே இருந்தன. அடுத்து பெண்கள் எழுந்து நலங்கு வைத்துப் பாட வேண்டும். யாரும் எழவில்லை. அத்தை தூணோரமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி ஒரு வார்த்த சொல்லட்டும். புள்ளைய அனுப்புறேன்னு சொல்லட்டும். நான் எந்திரிக்கிறேன்."

"நலங்குக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"பெத்தவ இல்லாத புள்ளைக்கு நலங்குல முன்ன நிக்கறவதான் தாயி. தாயின்னா புள்ளை அவ வூட்டுலதான் இருக்கணும். சம்பந்தம் போதுமா?"

ஸ்பீக்கர் செட்டுக்காரர் நிலைமை தெரியாமல் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டார். "நிறுத்துப்பா," என்றார் அப்பா. மனைவி இல்லாத ஆம்பளை மணைக்கு எதிரே வந்து நிற்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அவர் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் ஊர்ப் பெயர் கூவுகிற அந்தக் குரலில், ஒரு கூச்சமும் இல்லாமல் தொடங்கினார்:

மஞ்ச அரச்செடுங்க மாமன்மாரே வழிவிடுங்க
குங்குமம் கொழச்செடுங்க கொலவயிட்டுக் கூடிடுங்க

அது நான் முந்திரிக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்த பாட்டு. ஆம்பளைகள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. "கண்டக்டரு சேலை கட்டலையா?" என்று யாரோ கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா நிறுத்தவில்லை. மூன்றாவது அடிக்கு வந்தார்.

பெத்தவ பூ முடிக்க...

அந்த இடத்தில் மெட்டு கீழே இறங்கியது. நலங்குப் பாட்டு துள்ளி ஓட வேண்டியது. அவர் வாயில் அது நீண்டு, இழுபட்டு, அடி முடிவில் விம்மலைப்போல் மடங்கியது. வார்த்தை நலங்கு, மெட்டு ஒப்பாரி. சிரித்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு. மங்கலக் காரியத்தில் எடுத்த பாட்டைப் பாதியில் விடக்கூடாது. அதில் பாடின வார்த்தை பலித்துவிடும். நல்ல காரியத்தில் ஒப்பாரி விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையே இல்லை.

"அய்யய்ய, நிறுத்துடா. என்னடா மெட்டு இது, எழவு வூட்டு மெட்டு," என்று அத்தை எழுந்தாள்.

அப்பா அதே அடியை, அதே மெட்டில், இன்னும் நீட்டமாகப் பாடினார். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் அத்தையால் தாங்க முடியவில்லை. பாட்டுத் தெரிந்தவர்களிடம் இருக்கிற பலவீனம் அது. தப்பான பாட்டைக் கேட்டுக்கொண்டு அவர்களால் சும்மா இருக்க முடியாது. மணைக்கு முன்னால் வந்து, அப்பாவைத் தோளால் இடித்து ஒதுக்கி, சந்தனக் கிண்ணத்தில் கையை விட்டு, முதல் அடியிலிருந்து சரியான மெட்டில் எடுத்தாள். கூடவே மற்றப் பெண்கள் எல்லோரும் மடமடவென்று எழுந்து வந்துவிட்டார்கள். மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, மூன்றாவது அடியும் வந்தது. அத்தை 'பெத்த' என்று எடுத்தவள், என் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். தாய் இல்லாத பிள்ளைக்கு முன்னால் அந்த அடியை எந்த மெட்டில் பாடினாலும் அது ஒப்பாரிதான் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நிறுத்தவும் முடியாது.

பெத்த அப்பன் பூ முடிக்க பெரியவங்க பொட்டு வைக்க

என்று பாடி முடித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் அதுவரை தலைகுனிந்து இருந்தவள், இருக்க வேண்டியவள், அவள் அந்த அடியை மறுபடி எடுத்தபோது கூடச் சேர்ந்து உரக்கப் பாடினேன். சடங்குக்கு உட்கார்ந்த பெண் தன் நலங்கைத் தானே பாடுவதா என்று பிறகு ரொம்ப நாள் பேசினார்கள். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அத்தை தட்டிலிருந்த பூவை எடுத்து அப்பா கையில் திணித்தாள். "வையிடா. பாட்டுல சொல்லிப்புட்டேன். இனிமே மாத்திச் சொல்ல முடியாது."

"அப்ப புள்ளை?"

"உம் புள்ளைய நீயே வச்சுக்க. வந்து வந்து பாத்துட்டுப் போறேன். வேறென்ன செய்ய."

அப்பா எனக்குப் பூ வைத்தார், ரொம்பக் கோணலாக. டிக்கெட் கிழிக்கிற கைக்கு ஹேர்பின் மாட்டத் தெரியவில்லை.

அந்த மெட்டு தவறி இறங்கியதா, அவரே இறக்கினாரா என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "எனக்கு ஏது புள்ள மெட்டு, நான் கண்டக்டரு," என்பார். தெம்மாங்குக்கும் தாலாட்டுக்கும் உள்ள மயிரிழை வித்தியாசத்தைப் பிடித்து என்னைத் திருத்துகிற மனிதர் சொன்ன பதில் அது. அடுத்த வருஷமே அரியலூர் மாவட்டத்தை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அத்தை வெங்காய மூட்டையோடு வந்து இறங்கி, "கெவுருமெண்டே சேத்துக்கிச்சு, நீ மட்டும் என்னடா பிரிச்சு வச்சிருக்க," என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு பாட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு மாவட்டம் திரும்பவும் பிரிந்தது. அதற்குள் நான் பள்ளியை முடித்துத் தையலும் பழகிவிட்டிருந்தேன். அத்தை மகன் வேறு நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

இப்போது பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்த பஸ் ஓடுவதில்லை. நடவுக்குப் பெண்கள் வேனில் போகிறார்கள், சில வயலில் மிஷின் நடுகிறது. முந்திரிக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. நாட்டுப்பாட்டு அழிந்துவிட்டது என்று மேடை போட்டு வருத்தப்படுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. பாட்டைவிட வேகமாக அழிய வேண்டியவை சில இருந்தன, அவற்றில் ஒன்றிரண்டு அழிந்தும்விட்டன. எங்கள் சொந்தத்தில் தாயில்லாத ஒரு பெண்ணுக்குப் போன வருஷம் சடங்கு நடந்தது. யார் முன்னால் நிற்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பன்காரன் நின்றான். பாடத் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தான் என்பது வேறு விஷயம்.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் அப்பன் எத்தனை நாளைக்கு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று இப்போது கேட்கிறார்கள். அன்றைக்கு என்னை அவரிடமிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். இன்றைக்கு அவரை என்னிடமிருந்து. ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. என் வீட்டுக்காரர், "சோறு நாங்கதான போடுறோம், உங்களுக்கு ஏன் விக்குது," என்று ஒருத்தரைக் கேட்டே விட்டார்.

இத்தனை வருஷ என்ஜின் சத்தம் அப்பாவின் காதைத் தின்றுவிட்டது. குரலும் உடைந்துவிட்டது. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பாடுகிறேன். மெதுவாகப் பாடினால் அவருக்கு எட்டாது என்பதால் தெருவுக்கே கேட்கும்படி பாட வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டில் ஜன்னலைப் படீரென்று சாத்துகிறார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது, அப்பாவுக்குக் கேட்பதில்லை. "கேக்கல புள்ள," என்று காதருகே கையைக் குவிக்கிறார். நான் எங்கள் ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவைத்துவிட்டு, ஒரு கட்டை ஏற்றிப் பாடுகிறேன்.