பூச்சரம் சுற்றிய பின்சக்கரம்

எங்கள் காட்டுப்பாக்கத்தில் முதலில் பி.ஏ. முடித்தவன் நான் என்றால், முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் வேம்புலி. ஏர் பிடித்த குடும்பங்களில் இரண்டுமே பெரிய சங்கதிதான்.

மவுண்ட் ரோடு பட்டறை ஒன்றில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவித் தொழில் கற்றவர் அவர். பிறகு பூந்தமல்லி தோல் வியாபாரி ஷவுகத் அலியிடம் டிரைவராகச் சேர்ந்தார். யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், உதிரிச் சாமான் என்றால் கண்ணிலேயே படாது. முதலாளியின் காரிலோ பின்னச்சுப் பல்சக்கரம் தேய்ந்து, ஓடும்போதெல்லாம் ஊளையிட்டது.

முதலாளியின் மகள் வஹீதுன்னிசாவுக்கு வாலாஜாவில் மாப்பிள்ளை அமைந்தது. "சம்பந்தி ஊட்டுக்காரங்க காதுல இந்த ஊளை உழக்கூடாது" என்று உத்தரவு. அந்தக் காலத்து டிரைவர்கள் செய்கிற வைத்தியத்தையே வேம்புலியும் செய்தார்: பல்சக்கரப் பெட்டிக்குள் எண்ணெயோடு மரத்தூளைக் கலந்து அடைத்தார். ஊளை அடங்கியது. கல்யாணத்துக்காகச் சக்கரங்களைக் கழற்றி வெள்ளிப் பூச்சும் அடித்து மாட்டினார்.

நிக்காஹ் முடிந்த மதியம் கார் கிளம்பியது. முன்னால் ஷவுகத் அலி. பின்னால் மணப்பெண், மாப்பிள்ளை நிஜாமுதீன், பெண்ணின் பெரிய அத்தை சைனம்பு. சக்கரங்களின் நடுவில்கூட மல்லிகைச் சரம் வளையமாகக் கட்டியிருந்தது.

பூந்தமல்லி எல்லையிலேயே முதல் 'டொக்' கேட்டது.

"இன்னா வேம்புலி, இன்னா சத்தம்?"

"மரத்தூள் கரைஞ்சிபோச்சி போல கீது மொதலாளி. பழைய நோவுதான்."

அப்படித்தான் அவரும் நம்பினார். ஆனால் நசரத்பேட்டைக்குள் ஒரு மாட்டுவண்டிக்காக வேகத்தைக் குறைத்தபோது மறுபடி ஒரு டொக். மறுபடி வேகம் கூட்ட மிதித்தபோது இன்னொன்று. பல் உடைந்திருந்தால் சக்கரம் சுற்றச் சுற்றத் தாளம்போல அடிக்க வேண்டும். இது காலை வைத்தால் ஒன்று, எடுத்தால் ஒன்று. எதுவோ பிடி விட்டுப்போய் முன்னும் பின்னும் ஆடுகிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம். அங்கே சாலை மேடேறும். ஒரு பக்கம் பள்ளம்.

அவர் காரை ஓரம் கட்டினார்.

"ஏன்டா நிறுத்தினே? நேரம் தப்புதுல்ல?" என்றாள் சைனம்பு.

"ஒரு நிமிசம் பெரியம்மா."

அடியில் புகுந்தார். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டை இரு கையாலும் பிடித்து முறுக்கினார். மூட்டு ஆடவில்லை. பின்னச்சைத் தாங்கும் வில்லுப் பட்டைகளின் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்தார். கல்லாக நின்றன. மிச்சம் ஒன்றுதான்: அச்சு முனையில் சக்கரம் உட்கார்ந்திருக்கும் இடம். அதன்மேல்தான் பூச்சரம்.

கத்தியை எடுத்தார்.

"பூமேல கத்தி வெக்கிறியா? பாவி! பொண்ணு ஏறின வண்டிடா இது!"

"அக்கா, சும்மா இரு" என்றார் ஷவுகத் அலி. ஆனாலும் வேம்புலியை முறைத்தார். "டேய், நெசமாத்தான் சொல்றியா?"

வேம்புலி சரத்தை அறுத்தார். சக்கரத்தின் பித்தளை மூடியைக் கழற்றினார். அச்சு முனையிலிருந்து சக்கரத்தின் நடுக்குடம்வரை சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். ஏறி உட்கார்ந்து, காரை ஒரு முழம் பின்னால் எடுத்தார். டொக். இறங்கிப் பார்த்தார். கோடு இரண்டாக உடைந்திருந்தது. ஒரு முழம் முன்னால். டொக். கோடு சேர்ந்தது.

சக்கரமும் அச்சும் சேர்ந்து சுற்றவில்லை.

நட்டில் விரலை வைத்தார். திரும்பியது. நட்டுக்குக் காவலாக ஊடே செருகியிருக்க வேண்டிய பின்னைக் காணோம். வெள்ளிப் பூச்சு அடித்து மாட்டிய அன்று அதைச் செருகினோமா என்று யோசித்தார். செருகவில்லை. மூடியை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பின் தானே உடைந்துபோனது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள்.

"மொதலாளி, நட்டு களண்டுகினு வருது. பின்னு போடாம உட்டது நான்தான்."

ஷவுகத் அலியின் முகம் இறுகியது. "சரி, முடுக்கு. பின்னுக்கு ஆணியை வளைச்சிப் போடு. போலாம்."

"முடுக்கினா பத்தாது. சக்கரத்தையும் அச்சையும் கோத்துகினு உள்ளே ஒரு இரும்பு ஆப்பு கீது. அது அறுபட்டுகினு கீது. மேட்டுல மிதிச்சா துண்டாப் பூடும். அந்தச் சக்கரத்துல பிரேக்கும் நிக்காது."

"வாலாஜா வரிக்கும் மெதுவா ஓட்டேன்டா!"

"மாட்டேன் மொதலாளி." வேம்புலி சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். "என்னை அடிங்க. ஓட்ட மாட்டேன்."

"பொண்ணு எறங்கக் கூடாது!" சைனம்பு கதவைப் பிடித்துக்கொண்டாள். "மாமியார் ஊட்டு வாசல்லதான் கால் வெக்கணும். வழியில எறங்கினா ஜனம் இன்னா சொல்லும்?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் ரோட்டைப் பார்த்தார்.

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணே, ஓட்டினா சக்கரம் உழுந்துடுமா?"

"மேடு வரிக்கும் தாங்கும்மா. அதுக்கு அப்பால என்னால சொல்ல முடியாது."

"கையை எடுங்க அத்தே" என்றாள் வஹீதுன்னிசா. மருதாணிக் கால் புழுதியில் பதிந்தது. சைனம்பு வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

நசரத்பேட்டையிலேயே ஒரு ஜட்கா கிடைத்தது. ஆவடி போய் ரயில் பிடிப்பதென்று மூவரும் ஏறினார்கள். தூரத்துத் திருப்பம்வரை சைனம்புவின் புலம்பல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஷவுகத் அலி அவர்களோடு போகவில்லை. வேம்புலி ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி நட்டைக் கழற்றினார். சக்கரம் இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்துவிட்டது. ஆப்பு இரண்டு துண்டாக மண்ணில் உதிர்ந்தது.

முதலாளி குனிந்து ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"எம் மவளைப் பள்ளத்தாண்ட கொண்டாந்தவனும் நீ. நிறுத்தினவனும் நீ. உன்னை இன்னா பண்றதுன்னு எனக்கே புரியலேடா."

வேம்புலி மண்ணில் கிடந்த மறு துண்டைப் பொறுக்கினார்.

"போ. சக்கரத்தை மாட்டிட்டு, ஊருக்குள்ள ஒரு ஜோடி மாடு கேட்டு ஓட்டிகினு வா. இழுத்துகினு போலாம். மீதியை ஊட்டுல பேசிக்கலாம்."