இளைத்தவனுக்கு மட்டும் பாட்டில் தண்ணீர்

உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதி வைக்கிறேன். வாயால் சொல்லலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். பாதியிலேயே குரல் உயர்ந்துவிட்டது. உங்கள் அம்மா வந்து, குழந்தைகளிடம் எதற்குச் சத்தம் போடுகிறீர்கள் என்று கேட்டாள். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. யார் மேல் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜேடர்பாளையத்தில் உங்கள் மாமன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம் அல்லவா, அங்கிருந்தே தொடங்குகிறேன். பந்தியில் இலை போட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டே வந்தார்கள். என் இலைக்கு வந்ததும் உங்கள் மாமன் தானே ஓடிவந்து, வைத்த டம்ளரை எடுத்துவிட்டு, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்தார். "மாப்ளைக்கு பாட்டில் தண்ணிதான். நாலு ஊரு சுத்தற ஒடம்பு, நம்மூருத் தண்ணி சேராது" என்றார். பக்கத்து இலைக்காரர்களுக்கு அது மரியாதை மாதிரி இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதே வீட்டில், அதே ஆற்றுத் தண்ணீரை, அவர் குடித்து வைத்த சொம்பிலேயே குடித்தவன் நான். அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தண்ணீர் சேராமல் போயிற்று.

சின்னவளே, நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பாட்டிலைப் பார்த்ததும் உனக்கு ஒரே சந்தோஷம். நான் கொஞ்சம் குடித்து வைத்ததும் எடுத்து வாயில் வைத்தாய். உங்கள் அத்தை குழம்பு வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்து அதை உன் கையிலிருந்து பிடுங்கினாள். "இது வேண்டாஞ் சாமி, உனக்கு வேற தாரேன்" என்றாள். நீ, "அப்பா குடிச்ச தண்ணிதானுங்க அத்தை" என்று சொன்னாய். 

திரும்பி வரும்போது பஸ்ஸில், பெரியவனே, நீ என் காதருகில் கேட்டாய்: "அப்பா, உங்களுக்கு எய்ட்ஸ்னு மாமன் பையன் சொல்றான். நெசமுங்களா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இல்லை. எனக்கு அந்த நோய் இல்லை. ஆனால் இந்த ஒரு சொல்லோடு முடித்துவிட்டால் அது பாதிதான்.

நான் குண்டாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் வயிற்றைத் தலையணையாக வைத்துத்தான் நீங்கள் டிவி பார்ப்பீர்கள். நூற்றுப் பதினாறு கிலோ. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவது, அங்கிருந்து வெங்காயம் ஏற்றி வருவது, இதுதான் பிழைப்பு. முன்பு கிளீனர் இருப்பார். இப்போது அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஏறி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நிறுத்தின இடத்தில் எல்லாம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, தொட்டுக்கொள்ள வடை. நேரம் கெட்ட நேரத்தில் புரோட்டா, அதுவும் எத்தனை என்று பார்ப்பதில்லை. தின்ற கையோடு வண்டிக்குள்ளேயே தூக்கம். ஸ்டியரிங் உரசி உரசி, என் சட்டை எல்லாம் வயிற்றுக்கு நேராக நைந்துபோகும். உங்கள் அம்மா எல்லாச் சட்டைக்கும் அதே இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறாள்.

ஒரு தடவை சோலாப்பூர் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் விலகி மூட்டை நனைகிறது. ஏறி இழுத்துக் கட்ட வேண்டும். பாதி ஏறியதும் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, இறங்கவும் தெரியவில்லை. மூச்சு முட்டுகிறது. பின்னால் வந்த ராசிபுரத்து வண்டிக்காரர் ஒருவர் என்னைக் கைகொடுத்து இறக்கிவிட்டு, அவரே ஏறிக் கட்டினார். "ஏனுங்ணா, உங்களையும் மூட்டையோட சேத்துக் கட்டிரட்டுங்களா" என்று கேட்டார். சிரித்தேன். வேறு என்ன செய்வது.

ஊருக்கு வந்ததும் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனேன். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, சர்க்கரை வாசலில் நிற்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதே, வண்டியை விட்டு இறங்கி நட, வயிற்றுக்கு நேரத்துக்குப் போடு என்று சொல்லி அனுப்பினார்.

முதலில் டீயில் சர்க்கரையை விட்டேன். பிறகு டீயையே பாதியாகக் குறைத்தேன். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொண்டேன். ராகிக் களி, கொள்ளு, கிடைத்த கீரை, அவித்த முட்டை. பொழுது இறங்குமுன் சாப்பிட்டு முடித்துவிடுவேன். லோடுக்குக் காத்திருப்பது ஒரு டிரைவரின் வாழ்க்கையில் பாதி. மற்றவர்கள் வண்டி நிழலில் சீட்டாடுவார்கள். நான் நடந்தேன். "என்னங்ணா, வண்டிய வித்துப்போட்டீங்களா, நடந்தே ஊரு போறீங்க" என்பார்கள். சில மாதங்களில் ஒரு கிலோகூட இறங்காது. அப்போதெல்லாம் புரோட்டாக் கடையைப் பார்க்காமல் தாண்டுவதற்கே தனி பலம் வேண்டியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று, எழுபத்திரண்டுக்கு வர. மாத்திரையையும் டாக்டர் குறைத்துவிட்டார். அடுத்த மழையில் நானே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். கட்டிவிட்டு உடனே இறங்கவில்லை. நனைந்துகொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்கு வந்தேன். ஊர் என்ன செய்தது தெரியுமா? நம் பக்கத்தில் வாத்தியார் இளைத்தால் சர்க்கரையா என்று கேட்பார்கள். கடைக்காரர் இளைத்தால் கடன் தொல்லையா என்பார்கள். லாரி டிரைவர் இளைத்தால் யாரும் கேட்பதே இல்லை. ரோட்டில் கெட்டுப்போய் வாங்கி வந்த நோய் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். நான் போய் நின்றால் டீக்கடையில் பேச்சு நிற்கும். எனக்கு மட்டும் பேப்பர் கப் வரும்.

எங்கள் வண்டி முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். "ஒடம்பு முக்கியமுங்க. கொஞ்ச நாளு ஊட்ல இருங்க. ஃபுல்லா ஒரு செக்கப் பண்ணிட்டு, பேப்பரோட வாங்க. வண்டி எங்கீங்க போயிருது" என்றார். வண்டி எங்கேயும் போகவில்லை, அடுத்த வாரமே வேறொருவர் கைக்குப் போயிற்று. இதே மனிதர், நான் நூற்றுப் பதினாறு கிலோவோடு அவர் ஆபீஸ் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிய காலத்தில், நம்ம டிரைவர் ஆளு கம்பீரம் என்று வந்தவர்களுக்குக் காட்டுவார். எந்த நேரத்தில் நெஞ்சு அடைக்குமோ என்று இருந்தவனிடம் லோடு வண்டியைக் கொடுத்து நெடுஞ்சாலைக்கு அனுப்பினார். அப்போது எந்தப் பேப்பரும் கேட்கவில்லை. குணமாகி வந்தவனிடம் கேட்கிறார்.

உங்கள் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. துணி தைக்கக் கொடுத்த இடத்தில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்று எங்கே போனாலும் அவளிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்திருக்கிறார்கள். அவள் பயந்துவிட்டாள். எனக்கு நோய் இருக்கும் என்று இல்லை, நாளைக்கு உங்களோடு யாரும் சேரமாட்டார்களோ என்று. என் தட்டில் சோறு கூடியது. நெய் வந்தது. வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். "காதுகுத்துக்குள்ள ஒரு பத்துக் கிலோவாச்சும் ஏத்திக்குங்க. அங்க எல்லாருமு பாப்பாங்க" என்று கெஞ்சினாள். இரண்டு வருஷம் பட்ட பாட்டை நான்கு பேர் பார்வைக்காகத் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறாள். அன்றைக்கு நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனதை நீங்கள் பார்த்தீர்கள். காரணம் இதுதான்.

பாட்டில் விஷயத்துக்குப் பிறகு உங்கள் மாமன் போன் செய்தார். ரத்தம் கொடுத்து ஒரு பேப்பர் வாங்கிவிடுங்கள், காட்டிவிட்டால் எல்லார் வாயும் அடைத்துவிடும் என்றார். அஸ்தம்பட்டி டாக்டர் முன்பே அதையும் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. பேப்பர் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் அம்மா அதை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். நான் விடவில்லை. ஏன் என்று அவள் கேட்டபோது சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முன்பு என்னோடு நெடுந்தூர லைனில் ஜோடியாக ஓட்டிய ஒருவர் இருக்கிறார். யார், எந்த ஊர் என்று தேடாதீர்கள். அவருக்கு அந்த நோய் உண்டு. ஒரு நாள் மாத்திரை போடும்போது அவரே என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக ஒரே சட்டியில் தின்றோம், ஒரே கேனில் குடித்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. சொம்பில், தட்டில், கை பட்டதில் அது ஒட்டாது. பெரியவனே, உன் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, எடுத்துப் பார். அவர் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு இன்றும் வண்டி ஓட்டுகிறார். ஆள் நல்ல தாட்டியம், வயிறு முன்னால் நிற்கும். அதனால் அவர் ஊர் விருந்தில் முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். டம்ளரை இரண்டு பக்கமிருந்தும் நீட்டுகிறார்கள். அப்படித்தான் நீட்டவும் வேண்டும். ஆனால் தெரிந்து நீட்டவில்லை. குண்டாக இருப்பதால் நீட்டுகிறார்கள்.

நான் பேப்பரைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? நல்லவேளை என்பார்கள். பாட்டில் வைத்ததில் தப்பில்லை, ஆள்தான் மாறிப்போயிற்று என்று ஆகும். என்றைக்காவது என் சிநேகிதர் இளைத்தால் அவருக்கு அதே பாட்டிலை வைப்பார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"அப்பறம் சோத்துக்கு என்னங்க பண்றது?" என்று உங்கள் அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. லாரிகள் நிறைய இருக்கும் சங்ககிரிக்கு வேலை தேடிப் போனேன். அங்கே ஒரு வண்டி முதலாளி லைசென்ஸைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார், சாவியைக் கொடுத்தார். ஒரு கேள்வி இல்லை. அவர் என்னைக் குண்டாகப் பார்த்ததில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை வருஷம் தெரிந்தவர்களைவிட என்னைத் தெரியாதவர் நல்லவராக இருந்தார். இதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

வேலை கிடைத்த பிறகும் தட்டில் நெய் நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டியூஷன் போயிருந்தபோது உங்கள் மாமன் வந்தார். புது வீட்டுப் பூசைக்குப் பத்திரிகை வைக்க. நான் அப்போதுதான் நடந்துவிட்டு வந்து, அம்மா கொடுத்த சொம்பில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பத்திரிகையை என் கையில் தராமல் ஸ்டூலின் மேல் வைத்தார். "மாப்ள, இந்தத் தடவ மொதல்லயே வந்துருங்க. வாரப்ப அந்த பேப்பரக் கொண்டாந்தீங்கன்னா, நம்ம பங்காளிககிட்ட காட்டிரலாம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா வந்தாள். என் கையிலிருந்த சொம்பை வாங்கினாள். அதை அப்படியே அவர் முன்னால் நீட்டினாள்.

"குடிங்கண்ணா."

"இப்பத்தான் அம்முணி டீ குடிச்சேன்."

"தண்ணிதானுங்கண்ணா. ஒரு வாயி."

"தாகமில்ல சாமி."

அவள் சொம்பைத் தூக்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சத்தை எல்லாம் குடித்தாள். வெறும் சொம்பைக் கவிழ்த்துப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப எங்களுக்கும் அங்க பசியில்லீங்கண்ணா. பத்திரிகைய எடுத்துட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். சொல்லவில்லை. பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவனே, நீ பிறந்தபோது நான் லைனில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்காக ஓடி ஓடி எல்லாம் பார்த்தவர் இவர்தான். கெட்ட மனிதர் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

நீங்கள் வந்து, மாமன் வந்தாரா என்று கேட்டீர்கள். வந்தார், போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. பூசைக்கு ஏன் போகவில்லை என்று நாளைக்கு யாராவது உங்களைக் கேட்டால், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பொழுது இறங்குமுன் சாப்பிட உட்கார்ந்தேன். களி ஒரு உருண்டை, கொள்ளு, தட்டில் பாதிக்குக் கீரை. நெய்க் கிண்ணத்தைத் தேடினேன், இல்லை. அம்மா எதிரே உட்கார்ந்து, "போதுமுங்களா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். இன்னொரு கரண்டி அவள் எடுக்கவில்லை.