மேலே போனவர், கீழே வந்தவர்

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, கணவருக்கு மாற்றல் வந்ததால் நானும் போடிக்கு வந்தேன். வீட்டிலிருந்தபடி சின்ன வேலைகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காரர்களின் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். செயலாளர் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவருக்கும் சொந்தமாக ஜீப்பு ஓடியது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தபோது, யார் யார் மலையில் மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லாமல் போனதாம்.

"மேல போன ஆளு யாரு, கீழ வந்த ஆளு யாரு. இந்த ரெண்டும் தெரிஞ்சாப் போதும்மா" என்றார்.

எந்தத் திட்டமும் இப்படி இரண்டு வரியில்தான் ஆரம்பிக்கிறது. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது முதல் கட்டம். அதற்காக விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு போனேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஓட்டுநர்களுக்கு வேகமாக முடிய வேண்டும். சங்கத்துக்கு எல்லாமே வேண்டும். பெண்களுக்கோ பேரைக் கொடுக்கவே பயம்.

"எங்க பேரு கம்ப்யூட்டர்ல எதுக்குத் தாயி? நாளைக்கு என்னமும் ஒண்ணுன்னா எங்களத்தான தேடி வருவாக" என்றார் ஒருவர்.

அதனால் பேருக்குப் பதில் எண் போட்ட அட்டை என்று வரைந்தேன். ஏறும்போது ஓட்டுநர் தன் போனில் அதைப் படம் பிடித்தால் போதும்.

"அட்டையா? காட்டுல கடிக்கிறது பத்தாதா?" என்று ஜீப்பு முழுக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது கார்டு ஆனது.

வரைவதும் எழுதுவதும் மூன்று முறை நடந்தது. சோதனையில்தான் சிக்கல் வந்தது. காலையில் வரிசையாக நின்று ஏறுகிறவர்கள், சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வரும்போது எந்த ஜீப்பு முதலில் கிளம்புகிறதோ அதில் ஓடி ஏறினார்கள். அங்கே நின்று ஒவ்வொரு கார்டாகப் படம் பிடிக்க ஓட்டுநர்கள் மறுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்றேன்.

"காய் எடுக்க ஆரம்பிச்சாச்சும்மா. வெரசா முடிச்சுக் குடுங்க. எறங்கி வந்ததும் டிரைவரு ஒரு பட்டன அமுக்கட்டும், அந்த ஜீப்புல போன எல்லாரும் வந்தாச்சுன்னு. மத்ததை ரெண்டாம் கட்டத்துல பாத்துக்குவோம்" என்றார் செயலாளர்.

எனக்கு வாதாடத் தெம்பில்லை. அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், மெட்டுக்குக் கீழே பாறை உருண்டு பாதை அடைபட்டது. சங்க அலுவலகத்தில் கூட்டம் கூடிவிட்டது. திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொத்தனார் வேலை செய்கிற ஒருவர் மனைவியின் கார்டு எண்ணைச் சொன்னார். பச்சை காட்டியது.

"வந்துட்டாங்கண்ணே, வீட்டுக்குப் போங்க" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். "வீட்டுல ஆளக் காணோமே தாயி. அக்கம்பக்கத்துலயும் கேட்டுட்டேன்."

காலையில் அவளை ஏற்றிப் போன ஓட்டுநரைக் கூப்பிட்டேன். "எறங்கையில எங்கூட வரலையே. வேற ஜீப்புல ஏறியிருக்கும்" என்றார். இவர் கீழே வந்து பட்டனை அமுக்கியிருக்கிறார். அவளும் வந்ததாகக் கணக்காகிவிட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப்பு மாட்டி நிற்பதாகச் சொன்னார்கள். அதில் இருந்த யாரும் போனை எடுக்கவில்லை.

கொத்தனார் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அவ வந்துட்டான்னு நீங்க சொல்லவும், அவளுக்கும் சேத்துத்தான் உலை வச்சேன்" என்றார். திரையை அணைத்துவிடலாம் போலிருந்தது. அதற்கும் வழியில்லை. அடுத்தவர் எண்ணைச் சொல்லிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் பாறையை நகர்த்திய பிறகு அந்த ஜீப்பு இறங்கியது. அவள் முக்காட்டுத் துணியைப் பிழிந்தபடி வந்தாள்.

"ஜீப்புக்குள்ளயே ஒக்காந்து கெடந்தோம். குளிருதான்" என்றாள். கணவர் அவள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

அந்த வாரமே செயலாளர் ஓட்டுநர்களைக் கூட்டி, இறங்கும்போதும் கார்டு பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். பட்டனை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடி சோதித்தேன், மறுபடி ஒவ்வொரு ஓட்டுநருக்கும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பரவாயில்லாமல் ஓடுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுபோவது, போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு வருவது என்று தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போதுதான் கூப்பிடுவார்கள்.

போன வாரம் செயலாளர் வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கூட வேன்களுக்கும் இதையே வைக்கலாமா என்று கேட்டார்.

"மொதல்ல கொஞ்ச நாள் அந்த வேன்ல நான் போய் வரணும்ணே" என்றேன்.

"என்னத்துக்கும்மா? அதான் எல்லாம் ரெடியா இருக்குல்ல."

காபி போட எழுந்து போனேன்.