மைக் அக்காவும் பார்சலும்

அந்த ரயில் நிலையத்தில் மைக் அக்காவின் முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எத்தனை நிமிடம் தாமதம், கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாதீர்கள் என்றெல்லாம் இருபத்திரண்டு வருடங்களாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். மருந்துக் கடையில் போய் "தலைவலி மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று கேட்டால், வரிசையில் நிற்பவர்கள் சட்டென்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஏன் பார்த்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

வீட்டில் அந்தக் குரலுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் இருப்பவர் கணவர். பேக்கரியில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன் போனால் மதியம் திரும்புவார். அவர் காதை மாவு அடைத்திருக்கிறது என்பது அக்காவின் நெடுநாள் புகார். நான்கு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை "ம்" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பார்சல் வந்து சேர்ந்தது. பார்சல் அலுவலகத்துக்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. மூன்றை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடங்கியுமாக இருந்த நான்காவதை மட்டும் யாரும் சீண்டவில்லை. பார்சல் குமாஸ்தா அதை அட்டைப்பெட்டியில் போட்டு அக்காவின் அறைக்கே கொண்டுவந்தார்.

"அக்கா, இதுக்கு மட்டும் ஆள் வரலை. கேட்பாரற்ற பொருள்னு மைக்ல சொல்லிடறீங்களா, இல்ல வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்களா?"

அக்கா தூக்கிக்கொண்டு போனார். 'பார்சல்' என்ற பெயர் பெட்டியோடு சேர்ந்தே வந்துவிட்டது.

கூப்பிட்ட முதல் தடவையிலேயே ஓடிவரும் ஒரு ஜீவன் வீட்டில் இருப்பது அக்காவுக்குப் புது அனுபவம். அதற்காகவே தேவையில்லாமல் கூப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஊழியர் குடியிருப்பு மூன்றாம் நடைமேடையின் கோடியில் இருந்தது. பின்னால் உயரமான சுவர், முன்னால் தண்டவாளம். கடைக்குப் போவதானாலும் கால்நடை மருத்துவரிடம் போவதானாலும் நடைமேடையைத் தாண்டாமல் வெளியே போக வழியே இல்லை. பார்சலுக்கோ நடைமேடைக்குப் போனால் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி தலைகால் புரியாது.

அதற்கு ஐந்து மாதம் ஆனபோது அது நடந்தது. கணவர் கையிலிருந்த கழுத்து வாரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பார்சல், முட்டை அட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பயணியின் காலை அதே வாரால் இரண்டு சுற்றுச் சுற்றியது. மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, முப்பது முட்டை. பேருக்கு ஒண்ணுகூட மிஞ்சலை. அந்த மனுஷன் புகார்ப் புத்தகத்துல மூணு பக்கம் எழுதியிருக்காரு. மூணாவது பக்கத்துல படம் வேற போட்டிருக்காரு."

"மன்னிச்சிடுங்க சார். இனிமே இப்படி நடக்காது."

"நான் மன்னிச்சு என்ன பண்றது? புகார் மேலிடத்துக்குப் போயாச்சு. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி ஆய்வுக்கு அதிகாரி வர்றாரு. காலையில கூட்ட நேரத்துல நாயை பிளாட்பாரத்துல நடத்திக் காட்டணும். ஒழுங்கா நடந்தா அனுமதிச் சீட்டு. இல்லேன்னா அன்னைக்கே அதைக் குடியிருப்புலேருந்து அனுப்பிடணும். இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

அன்று இரவு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. காலடியில் பார்சல் அவருடைய செருப்பை நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது.

பார்சல் குமாஸ்தா விசாரித்து, நாய்களுக்குப் பயிற்சி தரும் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். இடுப்பில் ஒரு சின்னப் பை, அது நிறைய தின்பண்டத் துண்டுகள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"கூட்டத்துக்கு நடுவுல கொண்டுபோய் நிறுத்தி 'பழகிக்கோ'ன்னா எப்படிங்க பழகும்? நீச்சல் தெரியாதவங்களை நடு ஏரியில தள்ளின கதைதான். முதல்ல தூரமா நில்லுங்க. அது வேடிக்கை பாக்கட்டும். பாத்துட்டு உங்க பக்கம் திரும்பினா, அந்த நிமிஷமே வாயில ஒரு துண்டு. அது ஒழுங்கா இருந்தா மறுநாள் நாலடி கிட்ட போங்க. தடுமாறினா பேசாம பின்னால வந்துடுங்க. அவசரப்பட்டா அவ்வளவுதான், மொத்தமும் வீணாப் போயிடும்."

மதியத்தில் வீட்டில் இருப்பவர் என்பதால் பொறுப்பு கணவர் தலையில் விழுந்தது. அவரும் சளைக்கவில்லை. பேக்கரியில் உடைந்துபோன ரஸ்க்குகளை விரல் நகம் அளவுக்கு நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதல் வாரம் அதைத் தூக்கிக்கொண்டே நடைமேடையைத் தாண்டிப் போய், நிலையத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தின் கோடியில் நின்றார்கள். சக்கரம் வைத்த இழுவைப் பெட்டி போகும். பார்சல் பார்க்கும். திரும்பும். ரஸ்க். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, படாரென்று விரியும் குடை, சுமை தள்ளுபவரின் விசில் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறின. புறாக்களுக்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது. நாயைவிட மனிதர்கள்தான் அவருக்குப் பெரிய தொல்லை.

"அய்யோ, என்ன அழகு! தொட்டுக்கவா?"

"வேணாம்மா, அதுக்குப் பாடம் நடக்குது."

"எனக்கு நாயின்னா உயிருங்க!"

"அதுக்கும் மனுஷங்கன்னா உயிருதாம்மா. பிரச்சினையே அதான்."

மூன்றாம் வாரம் நடைமேடைக்கே வந்துவிட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது, ஒலிபெருக்கி பேசும்வரை. அது வாயைத் திறந்ததும் பார்சலுக்குப் பேய் பிடித்துவிடும். கம்பத்தடிக்கு இழுத்துக்கொண்டு ஓடி, முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, எச்சில் ஒழுக அண்ணாந்து ஊளையிடும். ரஸ்க் என்ன, ரஸ்க் சுடும் அடுப்பையே கொண்டுவந்து வைத்தாலும் திரும்பாது. சத்தத்துக்குப் பயப்படுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் சரக்கு ரயில் பூமி அதிரப் போகும்போது அது சாவகாசமாகக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

கணவர்தான் கண்டுபிடித்தார். "ஏம்மா, உன்கூட மைக் வேலைக்குப் புதுசா சேர்ந்த பொண்ணு பேசுறப்போ இது தூங்குது. உன் குரல் வந்தாத்தான் இந்த ஆட்டம்."

அக்காவுக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணமே நாள்காட்டியைப் பார்த்தார். ஆய்வுக்கு இன்னும் பதினாறு நாள்தான்.

மறுநாள் மாலை பயிற்சிக்காரப் பெண் வீட்டுக்கே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தாள். "நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு வழக்கம்போல இருங்க" என்றாள். பார்சலுக்குச் சாப்பாட்டு நேரம். அக்கா கிண்ணத்தை எடுத்தார். பழக்கதோஷம், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்:

"பயணி அவர்களின் கவனத்திற்கு! சமையலறையிலிருந்து புறப்பட்ட சோறு, இன்னும் சில நொடிகளில் முதலாம் தட்டுக்கு வந்து சேரும்!"

பார்சல் நான்கு காலும் தரையில் பாவாமல் பறந்து வந்தது. பயிற்சிக்காரப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது எத்தனை நாளா நடக்குது?"

"வந்த நாள்லேருந்தே. சும்மா, ஒரு விளையாட்டுக்கு..."

"ஒரு நாளைக்கு மூணு வேளையும்?"

"நாலு" என்றார் கணவர்.

"அப்போ ஸ்டேஷன்ல நீங்க காலையிலேருந்து அதைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. நூறு தடவை கூப்பிடறீங்க, ஒரு தடவைகூட சோறு வரலை. நானா இருந்தா இந்நேரம் அந்தக் கம்பத்தையே கடிச்சுத் துப்பியிருப்பேன்."

மூவரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இத்தனை நாள் குட்டியை அதட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. தப்பு குட்டியுடையதே அல்ல.

வைத்தியம் இரண்டு. ஒன்று, இனிமேல் சோற்றை வாய் திறக்காமல் வைக்க வேண்டும். அறிவிப்புக் குரலோ சோறு இல்லாத நேரமாகப் பார்த்து வீடெல்லாம் ஒலிக்க வேண்டும். அக்கா துணி மடிக்கும்போது ரயில்களை வரவழைத்தார், பாத்திரம் கழுவும்போது தாமதப்படுத்தினார். பார்சல் முதல் நாள் முப்பது தடவை ஓடிவந்தது. ஐந்தாம் நாள் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது, நிலையத்தில் அறிவிப்பு வந்ததும் உட்கார்ந்து கணவர் முகத்தைப் பார்த்தால்தான் ரஸ்க். அதற்காக மறுபடியும் கார் நிறுத்துமிடத்தின் கோடியிலிருந்து, குரல் கொசு ரீங்காரம் போலக் கேட்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

பார்சலைவிட அக்காவுக்குத்தான் இது கடினமாக இருந்தது. அறிவிப்பு வேறு, பேச்சு வேறு என்று குட்டிக்குப் புரிய வேண்டுமானால் அக்காவிடம் இரண்டு குரல் இருக்க வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒன்று. "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாலும் அது நான்கு ஒலிபெருக்கிகளில் வருவது மாதிரியே வந்தது. மெதுவாக, இறக்கி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசிப் பழகினார். இரண்டு நாள் தொண்டையே வலித்தது. மூன்றாம் நாள், "என்னங்க, டீ போடவா?" என்று அவர் தணிவாகக் கேட்டபோது கணவர் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்த்தார்.

"என்ன அதிசயம், காது வந்துடுச்சா?"

"முன்னால நீ பேசினா அறிவிப்பு மாதிரி இருக்கும். அறிவிப்புக்கு யாராவது பதில் சொல்லுவாங்களா?" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "டீ போடு" என்றார்.

பதினெட்டாம் தேதி வந்தது. முந்தின நாள் பார்சல் கம்பத்துக்கு இருபதடி தூரத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது; பத்தடியில் ஒரு தடவை எழுந்து முனகியது. அக்காவுக்கு அந்த முனகலே காதில் நின்றது. காலை நேரத்து அறிவிப்புகளைத் தானே சொல்லிவிடுவதாகப் புதுப்பெண் முன்வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அக்கா மறுக்கவில்லை. மேம்பாலத்தை ஒட்டிய அறிவிப்பு அறையின் கண்ணாடியில் நெற்றி படக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நடைமேடையில் எள் விழ இடமில்லை. எட்டு நாற்பது ரயிலுக்கான கூட்டம். பேக்கரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்த கணவர், பார்சலோடு கோடியிலிருந்து நடந்து வந்தார். ஒரு பெட்டி உரசியது. பார்சல் பார்த்தது, திரும்பியது, ரஸ்க். புறா பறந்தது. ரஸ்க். படிக்கட்டு அருகே ஸ்டேஷன் மாஸ்டரும் அதிகாரியும் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். கணவர் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி.

அப்போதுதான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்த புதுப்பெண்ணின் முகம் வெளுத்தது.

"அக்கா, எட்டு நாற்பது ரயில் ரெண்டாம் பிளாட்பாரத்துல வருதாம். நான் மூணுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேனே. நாலு நிமிஷம்தான் இருக்கு..." மைக்கின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள். "எப்படிச் சொல்றது அக்கா?"

கீழே நானூறு பேர். அத்தனை பேரும் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். திக்கித் திணறிச் சொன்னால் பாதிப் பேர் தண்டவாளத்தில் குதிப்பார்கள். அக்கா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். கீழே பார்சலின் ஒற்றைக் காதும் தெரிந்தது.

"நகரு" என்றார் அக்கா.

இருபத்திரண்டு வருடக் குரல் நடைமேடை முழுக்க விரிந்தது. "பயணிகளின் கவனத்திற்கு. எட்டு நாற்பது ரயில், மூன்றாம் நடைமேடைக்குப் பதிலாக இரண்டாம் நடைமேடைக்கு வந்து சேரும். பயணிகள் பதற்றமின்றி மேம்பாலத்தைப் பயன்படுத்தவும்."

கூட்டம் ஒரே உடம்பாகத் திரும்பிப் படிக்கட்டை நோக்கி வந்தது. பெட்டிச் சக்கரங்கள் கடகடத்தன. பார்சல் துள்ளி எழுந்தது. மடங்கியிருந்த காதும் நிமிர்ந்துவிட்டது. அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. கம்பத்தை நோக்கி ஓரடி வைத்தது. வார் விறைத்தது.

எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது விதி. அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். கண் மட்டும் கீழேயே இருந்தது. கணவர் வாரை இழுக்கவில்லை, அதட்டவில்லை. சும்மா நின்றார். "இரண்டாம் நடைமேடைக்கு" என்று அக்கா சொல்லும்போது பார்சல் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு, இத்தனை கால்களுக்கு நடுவே, பின்பக்கத்தைத் தரையில் வைத்து உட்கார்ந்தது. கணவர் குனிந்தார். ஒரு துண்டு இல்லை, ஒரு கைப்பிடி ரஸ்க்.

கூட்டம் கடந்துபோனது. ரயில் வந்து, ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது. உள்தொலைபேசி அடித்தது. படிக்கட்டு அருகிலிருந்த தொலைபேசியில் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஏம்மா, நல்ல நேரத்துல சொன்னே, சார் பாராட்டினாரு. அது கெடக்கட்டும், எங்க உன் நாய்? சார் பாத்துட்டுக் கிளம்பணும்ங்கறாரு, இன்னும் கூட்டிட்டு வராம என்ன பண்றீங்க?"

"சார்," அக்காவின் குரல் தணிந்தே வந்தது, "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கால்மணி நேரமா அதிகாரி காலடியிலதான் உக்காந்திருக்கு."

கண்ணாடி வழியே பார்த்தார். இரண்டு தொப்பிகளும் ஒருசேரக் குனிந்தன. அதிகாரி ஏதோ கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கைகளால் முட்டை அட்டை அளவு காட்டினார். அதிகாரி தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, பேனாவின் மூடியைத் திறந்தார்.

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அக்கா, அழறீங்களா?" என்றாள் புதுப்பெண்.

"இல்லடி, மூச்சு விடுறேன். ஒரு மாசமா விடவே இல்லை. மைக் அணைஞ்சிருக்கான்னு பாரு."