மூன்று நிறத் துணி

என் வாப்பா முஹ்யித்தீன் இருபத்துநான்கு வருஷம் கத்தாரில் இருந்துவிட்டு, போன நோன்புப் பெருநாள் கழிந்து ஒரேயடியாகக் காயல்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்டியைப் பிரித்தால் வழக்கமான சாமான்கள்தான். அத்தர், தைலம், பால்மாவு, எனக்கு ஒரு ஓடாத கைக்கடிகாரம். எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் மெத்துமெத்தென்று ஒரு கட்டுத் துணி. கூடவே, கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கிற ரப்பர் கட்டை ஒன்று.

"இது யாருக்கு வாப்பா?" என்றேன்.

"சும்மா கெடந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லி, துணிக்கட்டை அவசரமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

கத்தாரில் ஹோட்டல் சூப்பர்வைசராக இருந்தவருக்கு ஏன் துணிக்கட்டு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கடிகாரம் ஓடாத கோபத்தில் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். அப்படி வந்தவர்தான் வாப்பா. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாச லீவு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஆக, அவர் இந்த வீட்டில் இருந்தது மொத்தமே இருபத்திரண்டு மாசம். பத்தாவதில் கணக்கில் மட்டும் பெயிலாகி வீட்டில் கிடக்கிற நான் போட்ட கணக்கு. தப்பாக இருந்தாலும் ரொம்பத் தப்பாக இருக்காது.

அதனால் ஊருக்கு வந்த பிறகும் அவர் விருந்தாளி மாதிரியே இருந்தார். சோபாவில் சாய மாட்டார், நுனியில் உட்காருவார். ஃபேன் போடுவதற்குக்கூட யார் முகத்தையாவது பார்ப்பார். சாப்பிட்ட தட்டை எடுத்தால் உம்மா பிடுங்கிக்கொள்வாள். என் அக்கா பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள். "நீங்க உக்காருங்க யுஸ்ரா வாப்பா, மாப்பிள்ளை தட்டெடுத்தா தெருவுல என்ன பேசுவாங்க?" ஒரு தடவையாவது கோபப்படுகிறாரா பார்க்கலாம் என்று ஒரு நாள் அவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா ஈக்கிது புள்ளே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆளிடம் என்ன சேட்டை செய்ய?

இனி நாற்றத்தின் கதை.

என் ராத்தா யுஸ்ராவுக்கு வரப்போகிற மாப்பிள்ளைக்காக மாடியில் புதிதாக ஒரு அறை கட்டியிருந்தோம். சேர்ந்தாற்போல் குளியலறை, வெள்ளை டைல்ஸ், பளபள குழாய். கட்டி முடித்த அன்றே உம்மா அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாப்பிள்ளை வந்து முதல் தண்ணி ஊற்றுகிற வரை ஒரு சொட்டு விழக் கூடாதாம். குழாய்க்கு வருகிற தண்ணீரைக்கூட அடைத்து வைத்திருந்தாள். ஆறு மாசம் அறை அப்படியே கிடந்தது. நான் மட்டும் ஒரு கள்ளச்சாவி செய்து வைத்திருந்தேன். அது வேறு விஷயம்.

அஃப்ஸல் என்கிற பையன் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. பஹ்ரைனில் வேலை. ராத்தா அவன் போட்டோவைத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை ஊசியைத் தேடுவாள். அவன் உம்மா சம்சுன்னிசா மாமி, மகன் வந்து வாழப்போகிற வீட்டைப் பார்க்கச் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பினார். மாமியின் மூக்கு ஊரறிந்த மூக்கு. இதற்கு முன் பார்த்த ஒரு வீட்டில், "சுவர் ஓதம் அடிக்கிது, என் மவனுக்கு இழுப்பு வந்துரும்" என்று எழுந்து போனவர்.

திங்கட்கிழமை உம்மா அறையைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே சாத்தினாள்.

"பாஹிமா! இங்க வா!"

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். அழுகிய முட்டையைச் சாக்கடையில் ஊறவைத்த மாதிரி. உம்மா என்னைத்தான் முதலில் பிடித்தாள். நியாயம்தான்; போன வருஷம் ராத்தாவின் தலையணை உறைக்குள் ஒரு துண்டு மாசியை வைத்துத் தைத்தவள் நான். காய்ந்த சூரை மீன், மூன்று நாள் தாங்கியது.

"சத்தியமா நான் இல்லம்மா. ரெண்டு தடவை ஒரே சேட்டை செய்ய எனக்கு வெக்கமா இருக்காதா?"

அலமாரி, மெத்தை, ஏசிக்கு மேலே என்று எல்லாம் துழாவியும் மாசி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று தொடங்கியது வைத்தியம். முதலில் சாம்பிராணி. அறை புகைந்தது, புகை போனதும் நாற்றம் வந்து உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை பாச்சா உருண்டையை மூலைக்கு நாலாகப் போட்டு, குளியலறையில் தண்ணீர் போகிற சல்லடை மேலும் நாலை வைத்தாள். யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து ராத்தா எலுமிச்சையில் கிராம்பைக் குத்தித் தட்டில் அடுக்கினாள். நாற்றம் பிரியாணி வீட்டு நாற்றமாக மாறியது. கிண்ணம் கிண்ணமாகச் சோடா உப்பு வைத்தோம். தூத்துக்குடியிலிருந்து மல்லிகை வாசனை ஸ்பிரே வந்தது. அடித்ததும், செத்த எலிக்கு மல்லிகைச் சரம் சூட்டிய மாதிரி இருந்தது என்று சொல்லி ஒரு அடி வாங்கினேன்.

புதன்கிழமை, மாப்பிள்ளையூரணியிலிருந்து வண்டியில் பினாயில் விற்க வருகிற இசக்கிராஜா அண்ணாச்சியை உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, போன தடவை தந்த பினாயிலு வேலை செய்யல்லியே."

"ஏன் செய்யாது? எல்லா வீட்லயும் செய்யுது. எவ்வளவு ஊத்துனீங்க?"

"ஊத்தல்ல. துணியில நனைச்சு, பிழிஞ்சு தொடச்சேன். டைல்ஸ் புதுசு."

"பினாயில பிழிஞ்சா தொடைப்பாவ? இந்தா, இது ரோஸு. ரெண்டு மடங்கு வீரியம். இதுக்கும் அடங்கலன்னா நான் வண்டிய வித்துட்டுப் போயிருதேன்."

ரோஸுக்கும் அடங்கவில்லை. அவர் வண்டியையும் விற்கவில்லை.

வியாழக்கிழமை உம்மா ஊதுக்கட்டையே, அந்த விலை கூடிய அகில் துண்டையே, ஏற்றிவிட்டாள். வாப்பா கத்தாரிலிருந்து கொண்டுவந்து, ராத்தா கல்யாணத்துக்கென்று பூட்டி வைத்தது. அரை மணி நேரம் அரண்மனை மணம். பிறகு அதே சாக்கடை, இப்போது கொஞ்சம் பணக்காரச் சாக்கடை. உம்மா மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ராத்தா ஊசி தேடப் போகவில்லை.

இத்தனைக்கும் வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை மாடிக் கதவு திறக்கும்போதும் சோபா நுனியிலிருந்து எழுந்திருப்பார், வாயைத் திறப்பார், மூடுவார், உட்காருவார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலை உம்மாவும் ராத்தாவும் வட்டிலப்பம் என்கிற இனிப்புக்கு முட்டை அடிக்க அடுக்களைக்குள் போனதும் வாப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"புள்ளே, உங்கிட்ட மாடி ரூம் சாவி ஒண்ணு ஈக்கிதுதானே?"

"யாரு சொன்னா?"

"உம்மா கீழே கொண்டாந்து வச்ச ஏசி ரிமோட்டுல பேட்டரி தீந்திருக்கு. உம்மா தொடாத ரூமுல யாரு ஏசி போட்டா?"

இந்த மனிதரிடம் உப்பு டீ பலிக்காதது ஏன் என்று அப்போது புரிந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து துணிக்கட்டு வெளியே வந்தது. உள்ளே போனவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய் மண்டியிட்டார், சல்லடையைக் கழற்றினார், எட்டிப் பார்த்தார்.

"காஞ்சு கெடக்கு" என்றார். "இதுக்குக் கீழே குழாய் வளைஞ்சு போவும். வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் மூடி. ஆறு மாசமா ஒரு சொட்டு ஊத்தல்ல, மூடி காஞ்சு போச்சு. செப்டிக் டேங்க் காத்து நேரா மேலே வருது. கக்கூஸுலயும் அப்படித்தான்."

"அப்ப என்ன மருந்து போடணும்?"

"ஒரு வாளி தண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாள், ஆறு வைத்தியம், ஒரு ஊதுக்கட்டை. மருந்து ஒரு வாளி தண்ணீர்! மாப்பிள்ளைக்கு மரியாதை என்று பூட்டி வைத்ததுதான் நோய்.

தண்ணீர் ஊற்றினோம். ஜன்னலைத் திறந்ததும் கடல் காற்று வந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. கக்கூஸுக்குச் சிவப்புத் துணி, கண்ணாடிக்கு நீலம், குழாய்க்குப் பச்சை. ஒன்றை நாலாக மடித்து ஒரு பக்கம் துடைப்பார், திருப்புவார், அடுத்த பக்கம். ரப்பர் கட்டை ஒரே இழுப்பில் கண்ணாடி முழுக்கப் போய் வந்தது. ஒரு கோடு விழவில்லை. எங்கள் வீட்டில் ஃபேன் போடத் தயங்குகிறவர் இவர்தானா என்று இருந்தது.

"வாப்பா, சூப்பர்வைசர் இதெல்லாம் செய்வாரா?"

கை நின்றது.

"கடைசி மூணு வருஷம் சூப்பர்வைசர்தான் புள்ளே, பொய் இல்ல" என்றார். "அதுக்கு முந்தி இருபத்தோரு வருஷம் இதான். ஒரு நாளைக்குப் பதினாறு பாத்ரூம். பொண்ணு பேசுன நேரத்துல ஹோட்டல் வேலைன்னு சொன்னோம். உங்க வீட்டுல பெருசா நெனச்சுக்கிட்டாங்க. இல்லன்னு சொல்ல நாக்கு வரல்ல. இப்ப போய், 'எனக்குத் தெரியும், விடு'ன்னு சொன்னா, எப்படித் தெரியும்னு உம்மா கேப்பால்ல?"

ஐந்து நாள் வாயைத் திறந்து மூடியது இதற்குத்தான். சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று ஒரு பயம், சொன்னால் உம்மா முகம் மாறுமோ என்று இன்னொரு பயம். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அது வராது.

"பதினாறா? எனக்கு இந்த ஒண்ணுக்கே முதுகு வலிக்கிது" என்றேன். நான் வாளியைத் தவிர எதையும் தூக்கவில்லை. வாப்பா சிரித்தார்.

மதியம் உம்மா கடைசி முயற்சியாக ஒரு தட்டு சாம்பிராணியோடு மேலே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்து மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் சிவப்புத் துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க மறந்திருக்கிறோம்! உம்மா அதைத் தொட்டு, சுருக்கத்தை நீவி, நேராகப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"கள்ளச்சாவி."

கொடுத்தேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அஸருக்குப் பிறகு சம்சுன்னிசா மாமி வந்தார். பெண்கள் மட்டும் மாடிக்குப் போனார்கள். வாப்பா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் நடுப்படியில். மேலே பேசுவது இரண்டு பேருக்கும் கேட்டது.

"மாஷா அல்லாஹ், வாசனையே இல்ல" என்றது மாமியின் குரல். "எல்லா வீட்டுலயும் நாங்க வர்றோம்னு எதையாவது அடிச்சு வச்சிருப்பாங்க. எனக்குத் தும்மல் வந்துரும். இங்க காத்து மட்டும் ஈக்கிது." குளியலறைக் கதவு திறந்தது. பிறகு: "இதை யாரு சுத்தம் பண்ணுனா? எந்த ஊரு வேலைக்காரி? எனக்கு அவ வேணும்."

கீழே வாப்பா எழுந்து நின்றார். செருப்பைத் தேடினார். வெளியே போய்விடத்தான்.

"வேலைக்காரி இல்ல" என்றாள் உம்மா. குரல் கணீரென்று இருந்தது. "எங்க யுஸ்ரா வாப்பாதான். கத்தாருல பெரிய ஹோட்டல்ல இருபத்துநாலு வருஷம் இதே வேலைதான் பாத்தாங்க. அவங்க கைபட்டா எல்லாம் இப்படித்தான் ஈக்கும்."

ராத்தா தட்டை டமாரென்று வைத்த சத்தம் கேட்டது. நான் படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வாப்பாவுக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு.

மாமி என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்த நேரம், கணக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த நேரத்தைவிடப் பெரிது.

"அப்ப என் மவனை நம்பி அனுப்பலாம்" என்றார் மாமி. "குளிச்ச துண்டைக் கட்டிலு மேலேயே போடுறவன். அவனுக்கும் கொஞ்சம் கத்துக் கொடுக்கச் சொல்லுங்க. வட்டிலப்பம் எங்க?"

வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னார் என்று நினைக்கிறேன். உதடு மட்டும்தான் அசைந்தது. நான் மேலே ஓடினேன், அங்கே அழக்கூடாது என்பதற்காகப் பாதி வழியில் திரும்பி வந்தேன்.

அவர்கள் போன பிறகு வாப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

உம்மா பாத்திரத்திலிருந்து தலை தூக்கவில்லை. "முத லீவுலயே. உங்க பேண்டை நான்தானே தொவைச்சேன்? முட்டி ரெண்டுலயும் பிளீச்சிங் பட்டு வெளுத்துக் கெடந்துச்சு. சூப்பர்வைசர் முட்டி போட்டு என்ன வேலை பாப்பாரு?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்க அத்தரை ஊத்திக்கிட்டு வந்து நின்னீங்க. அவங்களுக்கு இது நிம்மதின்னா இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். அஞ்சு நாளா நான் சாம்பிராணி போட்டுச் சாவுறேன், நீங்க சோபாவுல உக்காந்து வேடிக்கை பாத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இப்பக் கோவம்." சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து மாடி அறைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "புதன்கிழமைக்குப் புதன்கிழமை தண்ணி ஊத்துங்க."

இப்போது புதன்கிழமைகளில் வாப்பா மேலே போகிறார். சோபாவில் சாய்ந்து உட்காருகிறார். ஃபேனைக் கேட்காமல் போடுகிறார். ராத்தா கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

போன வாரம் பழக்கதோஷத்தில், அவர் துணிக்கட்டில் சிவப்பை எடுத்து அடுக்களைத் துணி இருக்கிற இடத்திலும், பச்சையைக் கக்கூஸ் வாளியிலும் மாற்றி வைத்தேன்.

"ஏ பாஹிமா! அறிவுகெட்ட கழுதை! கக்கூஸ் துணியையா அடுக்களையில வப்பே? இங்க வாடி!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் வாப்பா சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. விருந்தாளி யாராவது இப்படிக் கத்துவார்களா? அடுக்களையில் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும் என்றுதான்.