பளிச்சக்கா கழுவாத தொட்டி

சிப்ஸ் கம்பெனியில் தரை கழுவும் அக்காவுக்கு எல்லோரும் வைத்த பேர் பளிச்சக்கா. அழுக்குத் தண்ணீரோடு ஒரு வாளி நின்றால் போதும், அவளுக்குச் சோறு இறங்காது. கை தானாகப் போய் அதைக் கவிழ்த்துவிடும். அந்தக் கை ஒருநாள் செய்த கூத்து இருக்கிறதே, கேளுங்கள்.

உருளைக்கிழங்கைச் சீவிக் கழுவுகிற தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடும். அது சாக்கடைக்குள் படிந்து படிந்து அடைத்துக்கொண்டது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை அடைச்சா, கழுவுற வேலையையே வெளியாளுங்ககிட்ட குடுக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா. நான் என்ன பண்றது?"

வேலை போய்விடுமே என்று பளிச்சக்கா பயந்தாள். ஆனாலும் ஒரு யோசனை அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. அடைப்பை எடுக்கும்போது விரலில் ஒட்டியது சேறு இல்லையே, மாவாச்சே! பெட்டி ஒட்டும் பிரிவில் இருக்கும் அவள் புருஷனோ, பசை பத்தவில்லை என்று தினமும் புலம்புகிறான்.

"சார், ஒரே ஒரு தொட்டி குடுங்க. தண்ணியைத் தேக்கி மாவை எடுத்துக் காட்டுறேன். பசை காய்ச்சலாம் சார்!"

"சரி, காலைல வந்து பாக்குறேன்."

அன்று சாயங்காலமே கிழங்கு கழுவிய தண்ணீரைத் தொட்டி நிறையத் தேக்கிவைத்துவிட்டுப் போனவள், மறுநாள் முதல் ஆளாக வந்தாள். மேனேஜர் வருகிறாரே, இடம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? தரையைத் தேய்த்தாள், வாளிகளைக் கவிழ்த்தாள், அதே வேகத்தில் தொட்டியையும் சாய்த்துவிட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று ஓடிய பிறகுதான் உறைத்தது.

"அய்யய்யோ! இந்தக் கையில கொள்ளி வைக்க!"

சத்தம் கேட்டுப் புருஷன் ஓடிவந்தான். அழுகிறவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் தொட்டியை நிமிர்த்தப் போனான்.

"ஏண்டி, காலித் தொட்டி இந்தக் கனம் கனக்குது?"

எட்டிப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெளேரென்று, ஒரு விரற்கடைக் கனத்துக்கு மாவு! சுரண்டினால்தான் வரும்போல இறுகிக் கிடந்தது. தண்ணீரை எப்படியும் கொட்டத்தான் வேண்டும். அதைத்தான் அவள் கை முந்திக்கொண்டு செய்திருக்கிறது. பளிச்சக்கா துள்ளிக் குதித்தாள்.

கேன்டீன் அடுப்பில் பசை கொதித்தது. புருஷன் பெட்டி ஒட்டினான். மேனேஜர் வந்து காய்ந்த பெட்டியைப் பிடித்து இழுத்தார். அட்டை கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

"அடேங்கப்பா! வெளியாளு வேணாம்னு நானே சொல்லிடுறேம்மா. எத்தனை தொட்டி வேணும்?"

அன்று மாலை, நிரம்பி நின்ற தொட்டிகளின் பக்கம் துடைப்பத்தோடு வந்தவர்களை அவள் கையை விரித்து மறித்தாள்.

"யாராவது இதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்!"

"முதல்ல உன் கையைக் கட்டிப் போடு" என்றான் புருஷன்.